பலகையாட்டம் அமைப்போரும் அவர்தம் தொழிலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. சமயம் பேசுவோர் உண்டு. நாட்டு நடப்பை அலசுவோரும் உண்டு. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றின் அருகில் வைத்துப் பார்த்தால் மிகச் சிறியதாகத் தோன்றும். பலகையின்மேல் காய் நகர்த்தி ஆடுகின்ற ஆட்டங்களைப் புதிது புதிதாக அமைத்துத் தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகில் இருக்கின்றனர். அவர்கள் எவ்வாறு உழைக்கின்றனர், எவ்வாறு பிழைக்கின்றனர், அவர்களுக்கு உரிய பெயர் அவர்களுக்குக் கிடைக்கின்றதா என்பதே நமது பேச்சு.

விளையாட்டைப் பற்றிப் பேச இவ்வளவு பெரிய மேடை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஏலூரில் வாழும் நாம் அவ்வாறு எண்ணுதல் தகாது. திருச்சிராப்பள்ளிச் சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் பெரியாற்றங்கரையில் எழுந்து, 1947-ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய உரத் தொழிற்சாலையை ஒட்டித்தான் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வேரூன்றின. ஒரு மூட்டை உரம் வாயிலைக் கடப்பதற்கு முன் அதன்மேல் எத்தனை பேருடைய கை பட்டிருக்கின்றது, எத்தனை முறை சோதனைச்சாலையில் அது ஆராயப்பட்டிருக்கின்றது என்பதை இவ்வூர்க் குழந்தைகளும் அறிவார்கள். பொருள் என்று ஒன்று இருந்தால் அதன் பின்னே உழைத்தவர் ஒருவர் இருப்பார் என்பது தொழிற்சாலை ஊரின் பாலபாடம். ஆயினும் நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பல்லாங்குழிக் கட்டையைக் கண்டு, “இதை அமைத்தவர் யார்?” என்று நாம் என்றேனும் கேட்டதுண்டா?

நமது பழைய ஆட்டங்களுள் எதற்கும் ஆக்கியோன் பெயர் இல்லை. பெயர் இல்லாமையால் அவை தாமே முளைத்தவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பெரும் பிழை. தாயத்தையே எடுத்துக்கொள்வோம். தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் முகம் நான்கு. மூன்று முகங்களில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். நான்காவது முகம் வெறுமை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் விழக்கூடிய வகைகள் நான்கை நான்கால் பெருக்க 16. இவற்றுள் தாயம் விழுவதற்கு 2 வகை உண்டு. இரண்டுக்கு 3 வகை. மூன்றுக்கு 4 வகை. நான்குக்கு 3 வகை. ஐந்துக்கு 2 வகை. ஆறுக்கு ஒரே வகை. இரு கட்டைகளும் வெறுமை காட்டும் பன்னிரண்டுக்கும் ஒரே வகை. கூட்டிப் பாருங்கள், 16 சரியாக வரும்.

இப்போது விதியைக் கவனியுங்கள். மறு ஆட்டம் எவற்றுக்குக் கொடுக்கிறோம்? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்கிற்கு. இவையே அரிதாக விழும் எண்கள். அடிக்கடி விழும் இரண்டும் மூன்றும் நான்கும் மறு ஆட்டம் பெறுவதில்லை. பதினாறில் ஆறு வகைக்கு மட்டுமே அந்தச் சலுகை. தாயம் விழுந்தால்தான் காய் இறக்கலாம் என்பது மற்றொரு விதி. அஃது எட்டு உருட்டலுக்கு ஒரு முறை விழும் கணக்கு. எனவேதான் ஆட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் தாயத்திற்காகத் தவம் கிடக்கின்றனர். அத்தவிப்பே ஆட்டத்தின் சுவையாகின்றது. வெட்டுண்ட காய் மீண்டும் தாயத்திற்குக் காத்துக் கிடக்க வேண்டும் என்ற அச்சமும் அதே கணக்கிலிருந்து பிறந்ததே. இவ்வளவும் தற்செயலாக அமைந்தது என்று எவரேனும் கூறினால் நாம் ஒப்புவதற்கில்லை. கட்டையை ஆயிரம் முறை உருட்டிப் பார்த்து, விதியை மாற்றி மாற்றி வைத்து, சரியான இடத்தில் நிறுத்திய கைகள் எங்கோ இருந்தன. அவற்றுக்கு உரியவர் பெயர்தான் நமக்குக் கிட்டவில்லை.

ஆடுபுலி ஆட்டமும் அத்தகையதே. புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டிக் கொல்லும். ஆடு கொல்லாது, கூடி நின்று வழி மறிக்கும். இரு தரப்பார்க்கும் படை வேறு, பலம் வேறு, நோக்கமும் வேறு. அப்படியிருந்தும் இரு தரப்பாரும் வெல்லக் கூடியவாறு ஆட்டம் நிற்கின்றது. புலியை நான்காக்கிப் பாருங்கள். ஆடுகள் பிழைப்பது அரிதாகிவிடும். இந்தச் சமநிலையைக் காண்பதே பலகையாட்டம் அமைப்போரின் தலையாய வேலை. அன்று மரத்தடியில் கரிக்கோடு கிழித்து அவ்வேலையைச் செய்தவர் போன பின்னும், வேலை நிற்கின்றது.

நம் தென்னாட்டிலேயே பெயர் தெரிந்த ஆட்ட ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். 1794-இல் பிறந்து 1868-இல் மறைந்தவர். 1831-இல் ஆங்கிலேயர் நாட்டின் ஆட்சிப் பொறுப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். ஆளுவதற்கு நாடு கையில் இல்லாத அம்மன்னர் கலைகளையும் நூல்களையும் வளர்த்தார். கூடவே புதிய பலகையாட்டங்களையும் அமைத்தார். சதுரங்கக் குதிரையை 64 கட்டங்களிலும் ஒவ்வொன்றில் ஒரே ஒரு முறை கால் வைக்குமாறு ஓட்டுகின்ற கணக்கில் அவர் பெரிதும் ஈடுபட்டிருந்தார். அவர் தொகுப்பித்த ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் பெருநூலின் இறுதிப் பகுதி ஆட்டங்களைப் பற்றியது. மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக்குச் செல்வோர் அவர் கண்ட ஆட்டப் பலகைகள் சுவரோவியமாகத் தீட்டப்பட்டிருப்பதைக் காணலாம். மன்னராதலின் சுவரும் இருந்தது, ஓவியரும் இருந்தனர், பெயர் நிலைத்தது. மரத்தடிக்காரருக்குச் சுவர் இல்லை.

நிற்க. இக்காலத்தில் இத்தொழில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைப் பார்ப்போம்.

ஆட்டம் அமைப்பவர் முதலில் ஒரு கருத்தைப் பிடிக்கின்றார். சிலருக்குக் கதை முதலில் தோன்றும். சிலருக்குக் கணக்கு முதலில் தோன்றும். கருத்துத் தோன்றிய அன்றே அவர் அச்சகத்திற்கு ஓடுவதில்லை. பழைய அட்டை, பென்சில், கத்தரிக்கோல், புளியங்கொட்டை, பொத்தான் எனக் கையில் அகப்பட்டவற்றைக் கொண்டு ஒரு மாதிரியைச் செய்துகொள்கிறார். மாதிரி அழகாக இருத்தல் ஆகாது என்பது தொழில் அறிந்தோர் கருத்து. அழகாகச் செய்துவிட்டால் பிறகு அதை வெட்டிக் குறைக்க மனம் வராதன்றோ!

அடுத்தது சோதனை. முதலில் அவர் தாமே நான்கு பேராகி, நான்கு பக்கமும் மாறி மாறி அமர்ந்து தனியே ஆடுகிறார். பின்னர் வீட்டார் ஆடுகின்றனர். பின்னர் நண்பர்கள் ஆடுகின்றனர். வீட்டார் அன்பினால் புகழ்வர். நண்பர் மரியாதையினால் புகழ்வர். ஆகவே இறுதிச் சோதனை முன்பின் அறியாதவரிடமே நடைபெற வேண்டும். விதித்தாளையும் பெட்டியையும் அவர்கள் முன் வைத்துவிட்டு, ஆசிரியர் வாய் திறவாமல் ஓரத்தில் அமர்ந்துகொள்வார். அவர்கள் விதியைத் தவறாகப் படித்தாலும் திருத்தக் கூடாது. சலிப்புற்று எழுந்தாலும் தடுக்கக் கூடாது. எங்கே திகைத்தனர், எங்கே சிரித்தனர், எங்கே கொட்டாவி விட்டனர் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பெட்டியை வாங்கிச் செல்லும் குடும்பத்துடன் ஆசிரியர் வண்டியேறிப் போக இயலாது. விதித்தாள் ஒன்றே அவருக்குப் பதிலாகப் பேசப்போகின்றது. அதனால்தான் இந்த மௌன விரதம்.

ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் ஏதேனும் ஒன்று நீங்கும். ஆசிரியருக்கு மிகவும் பிடித்த விதியே பெரும்பாலும் முதலில் போக வேண்டியதாயிருக்கும். இவ்வாறு மாதங்கள் செல்லும். சில ஆட்டங்களுக்கு ஆண்டுகள் செல்லும். பல ஆட்டங்கள் பாதியில் மடியும். மடிந்தவற்றுக்குக் கூலி கிடையாது.

ஆட்டம் ஒரு வடிவுக்கு வந்த பின் அதை வெளியிடுவோரைத் தேட வேண்டும். செருமனி நாட்டில் நூரம்பர்க் நகரில் பொம்மைச் சந்தை ஒன்றும், எஸ்ஸன் நகரில் ஆட்டங்களுக்கென்றே பெருஞ்சந்தை ஒன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. அங்கே மாதிரிப் பெட்டியுடன் வெளியீட்டாளரைக் காணச் செல்வோர் பலர். ஏற்கப்பட்டால் ஒப்பந்தம் உண்டு. மொத்த விலையில் நூற்றுக்கு ஐந்து, ஆறு, எட்டு என்ற அளவில் ஆசிரியருக்குப் பங்கு கொடுப்பது வழக்கம்.

கணக்கேடு எழுதிப் பழகியவராதலால் நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பெட்டியின் மொத்த விலை ரூ. 500 என்றும், ஆசிரியர் பங்கு நூற்றுக்கு ஆறு என்றும் கொள்வோம். பெட்டி ஒன்றுக்கு ரூ. 30. முதல் அச்சில் 2,000 பெட்டிகள் விற்றுத் தீர்ந்தால் ரூ. 60,000. இரண்டு ஆண்டு உழைப்பு என்று பகுத்தால் மாதம் ரூ. 2,500. இந்த வருவாயை நம்பி வாடகை கொடுத்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டி வாழ இயலுமா? இயலாது. ஆதலால் இத்தொழிலில் புகுந்தவருள் பெரும்பாலோர் பகலில் வேறோர் உத்தியோகம் பார்த்து, இரவில் ஆட்டம் அமைப்பவராகவே இருக்கின்றனர்.

செருமானியரான கிளாஸ் டாய்பர் பற் தொழில்நுட்பப் பணி செய்தவர். பற்கட்டு முதலியன செய்யும் பட்டறையே அவருக்குப் பகற்பொழுது. மாலையில் வீட்டின் கீழறையில் அமர்ந்து ஆட்டம் அமைப்பார். வார இறுதியில் மனைவி மக்களுடன் ஆடிப் பார்ப்பார். நீண்ட சோதனைக்குப் பின் 1995-இல் வெளிவந்த அவருடைய ‘கட்டான்’ உலகெங்கும் பரவி, இன்றுவரை 4 கோடி அளவில் பெட்டிகள் விற்றிருக்கின்றது. அவ்வளவு புகழ் வந்த பின்னரும் சில ஆண்டுகள் கழித்தே அவர் பட்டறை வேலையை விட்டார். 2023-இல் அவர் காலமானார். அந்நாட்டினரே ஆன ரைனர் நிட்சியா கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, நிதித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். 1997 முதல் ஆட்டம் அமைப்பதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். வெளிவந்த அவருடைய ஆட்டங்கள் 600-க்கும் மேற்பட்டவை. ஒன்றிரண்டினால் வயிறு நிறையாது, நூற்றுக்கணக்கில் அமைத்தால்தான் தொழில் நிற்கும் என்பதற்கு அவர் சான்று.

அமெரிக்க நாட்டு ஆல்பிரட் மோஷர் பட்ஸ் என்பாரின் வரலாறு இன்னும் உருக்கமானது. அவர் கட்டட வரைவாளர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை போயிற்று. சும்மா இருந்த கையைச் சும்மா வைத்திராமல் சொல் கோக்கும் ஆட்டம் ஒன்றை அமைக்கலானார். ஆங்கிலச் செய்தித்தாள்களை விரித்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகின்றதென்று ஒவ்வொன்றாக எண்ணினார். அடிக்கடி வரும் எழுத்துக்குச் சில்லு மிகுதி, மதிப்புக் குறைவு. அரிதாக வரும் எழுத்துக்குச் சில்லு குறைவு, மதிப்பு மிகுதி என்று வகுத்தார். வெளியீட்டாளர் பலர் அதை மறுத்தனர். 1948-இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் உரிமை பெற்று, ‘ஸ்கிராபிள்’ என்று பெயரிட்டு வெளியிட்ட பின்னரே அது நிமிர்ந்தது. தொடங்கியது முதல் நிமிர்ந்தது வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள்!

ரயில்வேக் குடும்பங்கள் இங்கே சில இருப்பதால் மற்றோர் ஆட்டத்தையும் குறிப்பிடுவோம். ஆலன் மூன் என்பவர் அமைத்த ‘டிக்கெட் டு ரைடு’ 2004-இல் வெளிவந்து, அவ்வாண்டே செருமனியின் சிறந்த ஆட்டப் பரிசைப் பெற்றது. வண்ணச் சீட்டுகளைச் சேர்த்து ஊருக்கு ஊர் இருப்புப் பாதையைப் பிடித்துக்கொள்வதே ஆட்டம். நமக்கு நாள்தோறும் சோறு போடுகின்ற பாதையும் வண்டியும் பிறருக்கு மாலை நேர மகிழ்ச்சியாகியிருக்கின்றன. 2011-இல் இந்திய வரைபடம் கொண்ட பலகையும் அதற்கு வந்தது. அதை அமைத்தவர் இயன் வின்சென்ட். நம் நாட்டுப் பாதைகளை வைத்து நம்மவர் ஒருவர் அமைத்திருக்கலாகாதா என்ற ஏக்கம் நமக்கு எழுந்ததை மறைப்பதற்கில்லை.

ஊதியத்தைப் பற்றிக் கூறினோம். அதனினும் பெரியது பெயர். இதற்கு ஒரு பெண்மணியின் வரலாற்றைக் கூறாமல் இப்பேச்சு நிறைவு பெறாது.

எலிசபெத் மாகி என்பவர் அமெரிக்காவில் சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்தவர். நம்மைப் போன்ற அலுவலகப் பணியாளர். நிலம் ஒரு சிலர் கையில் குவிந்தால் ஏனையோர் வாடகை கொடுத்தே வறியவராவர் என்னும் கருத்தில் அழுத்தமான பற்றுடையவர். ஹென்றி ஜார்ஜ் என்னும் பொருளியல் அறிஞரின் கொள்கை அது. மேடையேறிப் பேசுவதைக் காட்டிலும் ஆடிக் காட்டினால் மக்கள் உணர்வர் என்று எண்ணி, பணிமுடிந்த நேரங்களில் ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்று பொருள்படும் ஓர் ஆட்டத்தை அமைத்தார். 1904-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். சுற்றுப்பாதை, விலைக்கு நிலம், வாடகை, சிறைக் கட்டம் எல்லாம் அதில் இருந்தன. முப்பது ஆண்டுகள் அது கைக்குக் கை மாறிக் கல்லூரிகளிலும் வீடுகளிலும் ஆடப்பட்டது. ஆடியவர்கள் தத்தம் ஊர்த் தெருப் பெயர்களைப் பலகையில் எழுதிக்கொண்டனர்.

சார்லஸ் டாரோ என்பவர் நண்பர் வீட்டில் அதைக் கற்று, தமது கண்டுபிடிப்பென்று கூறி விற்றார். 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதை ‘மோனோபொலி’ என்று வெளியிட்டது. டாரோ செல்வந்தரானார். மாகியிடம் அவருடைய காப்புரிமையை அந்நிறுவனம் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையில் பங்கு ஏதும் இல்லை. 1948-இல் அவர் மறைந்தபோது அந்த ஆட்டத்தின் ஆசிரியர் அவரென்று உலகம் அறியாது. 1970-களில் வேறொரு வழக்கின் பொருட்டு ரால்ப் அன்ஸ்பாக் என்னும் பேராசிரியர் பழைய ஆவணங்களைத் துருவியபோதே உண்மை வெளிப்பட்டது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. அட்லாண்டிக் சிட்டியை அடுத்த ‘மார்வென் கார்டன்ஸ்’ என்னும் இடப் பெயரை நண்பர் வீட்டுப் பலகையில் யாரோ எழுத்துப் பிழையாக ‘மார்வின்’ என்று எழுதியிருந்தனர். டாரோவின் பலகையிலும் அதே பிழை! பேரேட்டைப் பார்த்து எழுதுவோர் அனைவரும் அறிவர்: கூட்டுத்தொகை ஒத்திருந்தால் ஐயம் எழாது, பிழையும் ஒத்திருந்தால் அது நகல்தான்.

இக்கொடுமை மீண்டும் நிகழாதிருக்கச் செருமானிய ஆட்ட ஆசிரியர்கள் ஒரு வழி கண்டனர். 1988-இல் நூரம்பர்க் சந்தையின்போது பத்துப் பேருக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரு விடுதியில் கூடினர். பெட்டியின் மேல் தம் பெயரை அச்சிட ஒப்பாத வெளியீட்டாளருக்கு இனி எவரும் ஆட்டம் கொடுப்பதில்லை என்று உறுதி செய்து, பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டனர். முத்திரைத் தாள் இல்லை, வழக்கறிஞர் இல்லை. ஆயினும் அந்தச் சிற்றட்டை வென்றது. 1991-இல் ஆட்ட ஆசிரியர் சங்கம் ஒன்றும் அங்கே தோன்றியது. நூலுக்கு ஆசிரியர் பெயர் போல ஆட்டத்திற்கும் ஆசிரியர் பெயர் இடுவது இன்று உலக வழக்கமாகிவிட்டது. ஒற்றுமையின் பயனைத் தொழிற்சங்கம் கண்ட இவ்வூராருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டு நிலைமை என்ன? 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எவையெவை கண்டுபிடிப்பு ஆகா என்று கூறுமிடத்தில் ஆட்டம் ஆடும் முறையையும் சேர்த்திருக்கின்றது. எனவே ஆட்ட முறைக்கு இந்நாட்டில் காப்புரிமை இல்லை. விதித்தாளின் வாசகத்திற்கும் பலகையின் ஓவியத்திற்கும் பதிப்புரிமை உண்டு. பெயருக்கு வணிகக் குறி பதியலாம். உள்ளே ஓடுகின்ற கருத்துக்குக் காவல் இல்லை. எல்லோரும் ஆட வேண்டிய ஒன்றை ஒருவர் பூட்டி வைத்தலாகாது என்பது நியாயமே. அந்தப் பூட்டு இருந்திருந்தால் தாயமும் பல்லாங்குழியும் ஊர் ஊராய்ப் பரவியிரா. ஆனால் சட்டம் காவாத இடத்தில் சமுதாயம் காக்க வேண்டும். இன்னார் அமைத்தது என்று சொல்லி ஆடுவது ஒன்றே அக்காவல். அதற்குக் காசு செலவில்லை.

நம்மவருள்ளும் இத்துறையில் உழைப்போர் தோன்றியிருக்கின்றனர். மும்பையைச் சேர்ந்த ஸெயின் மேமன் தேர்தல் அரசியலைப் பொருளாக்கி அமைத்த ‘ஷாசன்’ என்னும் ஆட்டம், 2019-இல் ‘கிக்ஸ்டார்ட்டர்’ தளத்தின் வழியாக ஆடுவோரிடமே முன்பணம் திரட்டி வெளியிடப்பெற்றது. சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002-இல் தொடங்கிய ‘கிரீடா’ நிறுவனம் பல்லாங்குழி, தாயம், பரமபதம் போன்ற மரபு ஆட்டங்களை மீண்டும் செய்து வீடுகளுக்குத் தருகின்றது. இம்முயற்சியில் மிகக் கடினமான வேலை பலகை செய்வதன்று, விதி தேடுவதே. விதிகள் ஏட்டில் இல்லை. முதியோர் நினைவில் இருக்கின்றன. ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. நினைவில் உள்ளவர் மறைந்தால் விதியும் உடன் போய்விடும்.

இவ்விடத்தில்தான் ஏலூர்த் தமிழர்களாகிய நமக்கு ஒரு கடமை இருக்கின்றது. நெல்லை, தஞ்சை, மதுரை, கோவை, திருச்சி எனப் பல மாவட்டத்தாரும் அடுத்தடுத்த வாயிலில் குடியிருப்பது சொந்த ஊரில் காணக்கிடைக்காத காட்சி. நெல்லைப் பாட்டி ஆடும் பல்லாங்குழிக்கும் கோவைப் பாட்டி ஆடும் பல்லாங்குழிக்கும் உள்ள வேற்றுமையை ஒரே மாலையில் ஒரே திண்ணையில் அறியும் வாய்ப்பு, பிழைப்புத் தேடி வந்த நமக்கே கிட்டியிருக்கின்றது. ஒருவர் நான்கு சேர்ந்தால் பசு என்பார். மற்றொருவர் ஆறு சேர்ந்தால் பசு என்பார். இரண்டும் எழுதப்பட வேண்டும். மட்டாஞ்சேரிக்குச் சென்றால் தமிழரும் கொங்கணியரும் குஜராத்தியரும் பல தலைமுறையாக ஒரே தெருவில் வாழ்வதைக் காண்கிறோம். அவர்கள் வீட்டு ஆட்டங்களையும் கேட்டு எழுதலாம்.

ஆகவே சங்கத்தார்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, சங்க நூலகத்தில் ஓர் ஆட்டக் குறிப்பேடு வைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு முதியவரிடமும் அவர் அறிந்த ஆட்டத்தின் விதியைக் கேட்டு, பலகையின் படத்துடன் எழுதி, அவர் பெயரையும் ஊரையும் அதன்கீழ் குறிக்க வேண்டும். ஆக்கியோன் பெயரைக் காலம் விழுங்கிவிட்டது. காத்துக் கொடுத்தவர் பெயரையேனும் நாம் விழுங்காதிருப்போம்.

இரண்டாவது, அடுத்த ஆண்டு விழாவில் கோலப் போட்டி, பேச்சுப் போட்டி ஆகியவற்றுடன் ஆட்டம் அமைக்கும் போட்டியும் வேண்டும். பழைய அட்டையும் புளியங்கொட்டையும் போதும். விதித்தாளைத் தமிழில் எழுத வேண்டும். அதைப் படித்து அயல்வீட்டுக் குழந்தைகள் ஐயமின்றி ஆட வேண்டும். எழுதிய குழந்தை வாய் திறக்கக் கூடாது! தெளிவாக எழுதுவதற்கு இதனினும் சிறந்த பயிற்சி இல்லை. மலையாளப் பள்ளியிலும் ஆங்கிலப் பள்ளியிலும் படிக்கும் நம் குழந்தைகள் தாய்மொழியில் பத்து வரி எழுதுவதற்கு இது ஒரு காரணமும் ஆகும்.

மூன்றாவது, தமிழுக்கென ஓர் எழுத்தாட்டம் அமைக்க இளைஞர்கள் முன்வர வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்து 26, நமக்கோ 247. அத்தனைக்கும் தனித்தனிச் சில்லு செய்தால் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 வகைச் சில்லுகளைச் செய்து, மெய்யின் அருகே உயிரை வைத்தால் உயிர்மெய் என்று கொண்டால் ஆகுமா? ஆடிப் பார்க்க வேண்டும். எவ்வெழுத்துக்கு எத்தனை சில்லு? பட்ஸ் செய்தது போலத் தமிழ்ச் செய்தித்தாளை விரித்து எண்ண வேண்டும். சொல்லின் முதலில் வாராத ழகரத்துக்கும் ளகரத்துக்கும் என்ன மதிப்பு? இவையெல்லாம் இலக்கணப் பாடத்தைக் குழந்தைகள் தாமே தேடிப் படிக்கச் செய்யும் கேள்விகள்.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ பாடப் புத்தகத்தின் கடைசித் தாளில் கட்டம் வரைந்து காய் நகர்த்திக்கொண்டிருந்தால், “வெட்டி வேலை” என்று கூறிப் பறித்துவிடாதீர்கள். பகலில் படிக்கட்டும், உத்தியோகத்திற்கும் போகட்டும். சுருக்கெழுத்தாளரும் பற்பட்டறைக்காரரும் அப்படித்தான் செய்தனர். மாலை ஒரு மணி நேரம் அக்கட்டங்களுக்கு விடுங்கள். “இது எப்படி ஆடுவது?” என்று கேட்டு, எதிரில் அமர்ந்து ஒரு முறை ஆடுங்கள். ஆட்டம் சலித்தால் சலித்தது என்றே சொல்லுங்கள். அதுவே அக்குழந்தைக்கு நீங்கள் செய்யும் பேருதவி. ஆட்டம் தேறினால், அட்டையின் மேல் அதன் பெயரை எழுதச் சொல்லுங்கள். அதன்கீழ் குழந்தையின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.